ஆர்எக்ஸ் 100-ஐ நோண்டிய கதை: ஒரு சீஸ், இரண்டு சிலிண்டர், எட்டு மாதம்

மாமா ஓட்டிக்கொண்டிருந்த 94 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் என் கைக்கு வந்தபோது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. வினையே அதுதான். ஓடாத வண்டியாக இருந்திருந்தால் என்ஜினைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்திருப்பேன். ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகிற வண்டியை யார் பிரிப்பார்கள்? நேராகப் பவர் ஏற்றப் போய்விட்டேன்.

98 சிசி, டூ ஸ்ட்ரோக், போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) தலா 50 மில்லிமீட்டர், கம்பெனி கணக்கில் 11 எச்பி. எடை நூறு கிலோ சொச்சம்தான் என்பதால் அந்தப் பதினொன்றே போதுமானதாக இருந்தது, ஆனால் இருபத்தெட்டு வயதில் யாருக்கு எது போதும்? கோயமுத்தூரில் யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள்: போர்ட்டை (சிலிண்டர் சுவரில் கலவை வரவும் புகை போகவும் இருக்கும் வாய்) பெரிசு பண்ணு, 24 மில்லிமீட்டர் கார்புரேட்டர் மாட்டு, சைலன்சரைத் திற. நண்பன் ஒருவனிடம் கை கிரைண்டர் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சிலிண்டரைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பைக் கண்ணளவில் தேய்த்துத் தள்ளினோம். எவ்வளவு எடுத்தோம் என்று அன்றைக்கு அளக்கவே இல்லை. பிறகு அளந்தபோது இரண்டரை மில்லிமீட்டர் இருந்தது.

வண்டி கத்தியது. மேலே போனால் பறந்தது, கீழே உயிரே இல்லை, சிக்னலில் எடுக்கும்போது மொபெட்காரர்கள் முந்தினார்கள். இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது, அதை நான் கவனித்தும் கண்டுகொள்ளவில்லை: ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் என்ஜின் வேகம் உடனே இறங்காது, கொஞ்ச நேரம் மேலேயே நின்று மெதுவாக இறங்கும். ஐடில் ஸ்குரூ என்று நினைத்து அதைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவது வாரம் பாலக்காடு ரோட்டில் எட்டிமடை தாண்டி, 90-ல் போகும்போது ஒரு நொடி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. கை தானாகக் கிளட்சைப் பிடித்தது, இல்லாவிட்டால் பின் சக்கரம் பூட்டி விழுந்திருப்பேன். சத்தமே இல்லாமல் ஓரமாக உருண்டு நின்றேன். பத்து நிமிஷம் கழித்துக் கிக் அடித்தபோது லீவர் இறங்கியது, உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் முழுக்கக் கீறல், அதன் அலுமினியம் லைனர் (சிலிண்டரின் இரும்பு உள்சுவர்) மேல் அப்பியிருந்தது. பிஸ்டன் இப்படிச் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்வதைத்தான் சீஸ் என்பார்கள்.

கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெரியவர் சிலிண்டரைக் கையில் வாங்கி, போர்ட் வழியாக வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "இதை எவன் அறுத்தான்?" என்றார். நான்தான் என்றேன். "போர் அடிச்சு அடுத்த சைஸ் பிஸ்டன் போட்டுத் தர்றேன் தம்பி, ஆனா எடுத்த இரும்பை ஒட்ட வெக்க முடியாதே." அடியை மில் பண்ணிச் சிலிண்டரையே கீழே இறக்கலாம், அப்படிச் செய்தால் எல்லாப் போர்ட்டும் சேர்ந்து இறங்கும், ஹெட்டிலும் வேலை இருக்கும் என்று விளக்கினார். அதற்கு வேறு சிலிண்டரே மலிவு என்று உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு சனிக்கிழமை அலைந்து, போர் அடித்துப் பெரிதாக்காத ஒன்றைப் பிடித்தேன்.

இந்தத் தடவை முதலில் லீக் சோதனை. இன்லெட்டையும் எக்ஸாஸ்ட்டையும் பழைய டியூப் ரப்பர் வைத்து அடைத்து, பிளக் ஓட்டை வழியாக சைக்கிள் பம்பால் கொஞ்சமாகக் காற்றடித்து, மேக்னெட்டோவைக் கழற்றிவிட்டு சோப்புத் தண்ணீர் தடவினேன். கிராங்க் ஆயில் சீல் ஓரத்தில் பொட்டுப்பொட்டாக நுரை கட்டியது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸ்தான் (பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுற்றும் அறை) காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை உறிஞ்சித் தள்ளும் பம்பு, அதில் காற்று புகுந்தால் பெட்ரோல் விகிதம் குறைந்து சூடு ஏறும். வேகம் இறங்காமல் தொங்கிக்கொண்டிருந்ததன் அர்த்தம் இதுதான். நூறு ரூபாய் சீல் விஷயத்துக்கு நான் கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டு சீல், கிராங்க் பேரிங், கனெக்டிங் ராட் கிட் எல்லாம் மாற்றினேன். உள்ளே போன கலவை திரும்பி வராமல் தடுக்கும் ரீட் வால்வ் இதழ்கள் லேசாக வாய் திறந்திருந்தன, அதையும் மாற்றினேன். பெரியவர் லைனரை லேசாக ஹோன் பண்ணி (கல்லால் தேய்த்து), பிஸ்டனுக்கு ஒன்றரை தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி வைத்துக் கொடுத்தார்.

பிறகுதான் போர்ட். டிகிரி வட்டத்தை அச்செடுத்துப் பழைய சிடி ஒன்றில் ஒட்டி கிராங்க்கில் மாட்டி, கம்பித் துண்டு ஒன்றை முள்ளாக வளைத்து வைத்தேன். 50 ஸ்ட்ரோக் என்ஜினில் எக்ஸாஸ்ட் மேல் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் ஏற்றினாலே போர்ட் திறந்திருக்கும் காலம் ஏறத்தாழ நாலரை டிகிரி கூடிவிடுகிறது. அப்படியானால் நான் முதலில் எடுத்த இரண்டரைக்கு என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தடவை ஒரு மில்லிமீட்டர், அதற்கு மேல் இல்லை. விளிம்பை உப்புத்தாளால் உருட்டிவிட்டேன், கூர்மையாக விட்டால் ரிங் மாட்டி உடையும். கிராங்க்கேஸிலிருந்து கலவை மேலே ஏறும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டில் உயரத்தைத் தொடவே இல்லை, கிராங்க்கேஸும் சிலிண்டரும் சேரும் இடத்தில் இருந்த படியை மட்டும் சமன் செய்தேன்.

ஹெட் வேலைதான் எனக்குப் பிடித்த பகுதி. பிளக் ஓட்டை வழியாகச் சால்டரிங் ஈயக்கம்பியை வளைத்து விட்டு, சிலிண்டர் சுவரைத் தொடும்படி பிடித்துக்கொண்டு கிராங்க்கை ஒரு சுற்று சுற்றினால், பிஸ்டன் அதை நசுக்கும். நசுங்கிய நுனியின் தடிமன்தான் ஸ்குவிஷ், அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது ஓரத்தில் அதற்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி. எனக்கு 1.6 மில்லிமீட்டர் வந்தது. ஓரத்தில் அவ்வளவு இடைவெளி இருந்தால் அங்கே இருக்கும் கலவை சரியாக எரியாது, நாக்கிங்குக்கும் (கலவை தானாக வெடித்துத் தட்டுகிற சத்தம்) அதுவே காரணமாகும். லேத்தில் ஹெட்டை அரை மில்லிமீட்டர் சீவி 1.1-க்குக் கொண்டுவந்தோம். சிக்னலில் காணாமல் போயிருந்த இழுவை திரும்பி வந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன், கிரைண்டர் வேலையால் இல்லை.

24 கார்புரேட்டரை ஒரு வாரம் மாட்டிப் பார்த்துவிட்டு, பழைய 20-ஐயே பெரிய மெயின் ஜெட்டோடு (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஓட்டைத் திருகு) திரும்ப மாட்டினேன். உச்ச வேகத்தில் மணிக்கு மூன்று கிலோமீட்டர் குறைந்தது, டவுனில் வண்டி மனுஷத்தனமாக ஆனது. ஜெட் பார்ப்பதற்கு விடிகாலை வேலை: பெரிய எண்ணில் ஆரம்பித்து, ஃபுல் த்ராட்டிலில் கொஞ்ச தூரம் போய், கிளட்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே இக்னிஷனை அணைத்து உருண்டு நின்று, சூட்டோடு பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் அடுத்த சீஸ் தயாராகிறது என்று அர்த்தம். கறுப்பாக ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். காப்பி டிகாஷன் நிறத்துக்கு வருவதற்கு நாலு ஜெட், ஆறு காலை, ஒரு விரல் கொப்புளம்.

சைலன்சரைத் திறக்கவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் கூம்பில் மோதித் திரும்பும் அலைதான் வெளியே ஓடப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே திருப்பித் தள்ளுகிறது, அதில் ஓட்டை போட்டால் சத்தம்தான் கூடும். உள்குழாயை உருவி நெருப்பில் போட்டுச் சுட்டேன். உதிர்ந்த கரி ஒரு கொட்டாங்குச்சி நிறைய இருந்தது.

சட்ட விஷயமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இந்த மாதிரி மாற்றங்களுக்கு இடம் கொடுப்பதில்லை, 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. இதைப் படித்துவிட்டுச் செய்வதா வேண்டாமா என்று நீங்களே முடிவு பண்ணுங்கள், நான் செய்த பிறகுதான் படித்தேன்.

போனில் ஜிபிஎஸ் வைத்துப் பார்த்ததில் முன்பு 97, இப்போது 106. மைலேஜ் 40-லிருந்து 30-க்கு வந்துவிட்டது. மாமா ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து எதுவும் சொல்லாமல் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார், கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இப்போது மூன்றாவது கியரில் முறுக்கினால் கிளட்ச் வழுக்குகிறது, பழைய பிளேட் இந்த இழுவையைத் தாங்கவில்லை. புது செட் சொல்லி வைத்திருக்கிறேன்.