மல்கோவா விற்காத நாட்கள்

சேலத்திலும் ஏற்காட்டிலுமாகப் பதினோரு கிளைகள் வைத்திருக்கும் ஒரு மளிகை, காய்கனி அங்காடியில் விற்பனைக் கணக்குகளை ஆராயும் வேலையில் நான் சேர்ந்தபோது, ஒவ்வொரு கிளையின் அன்றாடக் கணக்கும் கடையடைத்த பிறகு எக்செல் கோப்பாக மின்னஞ்சலில் வந்துகொண்டிருந்தது. அவற்றைத் திருத்தி, ஒன்றுசேர்த்து, முதலாளியின் மேசைக்குக் கொண்டுபோவதற்குள் மறுநாள் மதியமாகிவிடும். செவ்வாய்ப்பேட்டையில் அன்றைய கொள்முதலோ காலையிலேயே முடிந்திருக்கும். அதனால்தான் கூகுளின் பிக்குவெரி என்ற மேகக்கணித் தளத்துக்கு மாறினோம். கவுன்ட்டரில் போடும் பில் கால் மணி நேரத்துக்குள் மும்பைத் தரவு மையத்திலுள்ள அட்டவணையில் ஒரு வரிசையாக வந்து விழுந்துவிடும்.

முதல் மாதத்தில் நான் செய்த தவறுகளில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தளத்தில், தேவைக்கேற்பக் கட்டணம் செலுத்தும் முறையில், வினவல், அதாவது தரவைக் கேட்டு நாம் எழுதும் கட்டளை, எத்தனை வரிசைகளைத் திருப்பித் தருகிறது என்பதற்கன்றி, எவ்வளவு தரவைப் படிக்கிறது என்பதற்கே காசு. மாதத்துக்கு முதல் 1 டெராபைட் வரை இலவசம் என்ற தைரியத்தில், பத்து வரிசைகள் போதும் என்று வரம்பு வைத்து எழுதினால் செலவு குறைந்துவிடும் என நினைத்திருந்தேன். தரவு நெடுவரிசை நெடுவரிசையாகச் சேமிக்கப்படுவதால், எல்லா நெடுவரிசைகளையும் கேட்டால் அத்தனையையும் படித்த பிறகுதான் பத்தை எடுத்துக் கொடுக்கும். தேதிவாரியாக அட்டவணையைப் பிரித்து, வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் கேட்கத் தொடங்கிய பிறகே கட்டணம் கட்டுக்குள் வந்தது.

இரண்டாவது, நேரம். நேர மண்டலத்தைக் குறிப்பிடாவிட்டால் தளம் நாளை உலகப் பொது நேரத்தில்தான் கணக்கிடும். நமக்கு அதிகாலை 5.30 மணிக்குத்தான் அதற்கு மறுநாள் பிறக்கும். பேருந்து நிலையத்தை ஒட்டிய எங்கள் கிளை பாலுக்காகவும் பூவுக்காகவும் நான்கு மணிக்கே திறந்துவிடும். ஆடித் திருவிழா நாட்களில் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் வாங்கும் பூவும் எலுமிச்சையும் முந்தைய நாள் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டன. மாத மொத்தம் ஏறக்குறைய சரியாகவே இருந்ததால் எங்களில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெட்டிப் பணம் தினமும் இடிக்கிறது என்று கணக்கர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் தெரியவந்தது.

இவையெல்லாம் ஒரு வரியில் திருத்தக்கூடியவை. மல்கோவா அப்படியில்லை.

கடந்த நான்கு வாரங்களில் ஒவ்வொரு கிழமையும் எவ்வளவு விற்றது என்ற சராசரியை எடுத்து, அதற்கேற்ப மறுநாள் கொள்முதல் அளவைப் பரிந்துரைக்கும் கணக்கு ஒன்றை எழுதியிருந்தேன். பருப்புக்கும் எண்ணெய்க்கும் நன்றாகவே வேலை செய்தது. மாம்பழக் காலம் வந்தபோது, அஸ்தம்பட்டிப் பக்கக் கிளைக்கு மல்கோவா 60 கிலோவில் தொடங்கி, 45 ஆகி, மே மாத நடுவில் 30 கிலோவில் வந்து நின்றது. சேலத்தில், அதுவும் மே மாதத்தில், மல்கோவாவுக்குத் தேவை குறைகிறது என்று ஒரு திரை சொன்னால் ஊர்க்காரன் சிரிக்க வேண்டும். நான் சிரிக்காமல் வரைபடமாக்கி, கூட்டத்தில் காட்டினேன்.

அடுத்த வாரம் அந்தக் கிளைக்குப் போனபோது பில் போடும் அக்கா கேட்டார்: "ஏனுங்க சார், பதினோரு மணிக்கே பழம் தீர்ந்துடுது. அதுக்கப்புறம் வர்றவங்களை இல்லைன்னு சொல்லி அனுப்பறோம். இன்னும் கொஞ்சம் சேர்த்து அனுப்பக் கூடாதுங்களா?" கேட்டுவிட்டு, தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் கட்டு ஒன்றை மேசையடியிலிருந்து எடுத்தார். அவற்றின் பின்புறத்தில் பழம் தீர்ந்த நேரமும், அதன் பிறகு கேட்டு வந்தவர்களுக்காக ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகளும் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தாளில் 10.50 என்று எழுதி, கீழே முப்பத்து நான்கு கோடுகள்.

எங்கள் அட்டவணையில் ஒரு வரிசை பிறக்க வேண்டுமென்றால் யாராவது எதையாவது வாங்கியிருக்க வேண்டும். கேட்டுக் கிடைக்காமல் திரும்பியவருக்கு அதில் இடமில்லை. பழம் குறைவாக வந்தது, அதனால் குறைவாக விற்றது. குறைவாக விற்றதால் கணக்கு இன்னும் குறைவாகக் கேட்டது. அந்தச் சரிவை நானே உண்டாக்கி, அதற்குத் தேவைக் குறைவு என்று பெயரும் வைத்திருந்தேன்.

திருத்தம் எளிதாக இல்லை. வந்த சரக்கிலிருந்து விற்றதைக் கழித்தால் இருப்பு தெரியும் என்பது பாக்கெட் பொருளுக்குச் சரி. எடை போட்டு விற்கும் பழத்துக்குச் சேதாரமும் உலர்ந்து குறையும் எடையும் உண்டு. போதாக்குறைக்கு, எடை இயந்திரத் திரையில் இமாம்பசந்த் முதல் பக்கத்திலும் மல்கோவா இரண்டாம் பக்கத்திலும் இருந்தன. இரண்டும் ஒரே விலையில் விற்ற வாரங்களில், கூட்ட நேரத்தில் கைக்கு எட்டிய பொத்தானைத்தான் பையன்கள் அழுத்தினார்கள். வராத இமாம்பசந்த் விற்றதாகக் கணக்கில் கழித்தல் குறியோடு இருப்பு நின்றது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கடைசியில், கடைசி மல்கோவா பில் நண்பகலுக்கு முன்பே முடிந்த நாட்களைச் சராசரியிலிருந்து விலக்கி, பழம் முழுநாளும் இருந்த நாட்களில் மணிக்கு மணி விற்ற விகிதத்தைக் கொண்டு மீதி நேரத்தின் தேவையை மதிப்பிட்டேன். அந்த மதிப்பீட்டைச் சரிபார்க்க என்னிடம் இருந்த ஒரே சான்று அக்காவின் காலண்டர் தாள்கள்தாம்.

பூஜ்ஜியத்தைக் கண்டால் சந்தேகப்படும் பழக்கம் அதிலிருந்து வந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தபோது, ஏற்காட்டுக் கிளையின் விற்பனை இரண்டு நாட்கள் பூஜ்ஜியமாகவே திரையில் நின்றது. கடை மூடியிருக்கிறது என்று தலைமை அலுவலகத்தில் முடிவே கட்டிவிட்டார்கள். உண்மையில் இணைப்புத்தான் போயிருந்தது. அரிசியும் மெழுகுவத்தியும் கேட்டு வந்தவர்களுக்குக் கடைக்காரர்கள் பில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். இணைப்பு வந்ததும் அத்தனை பில்லும் மொத்தமாக, சில இரண்டு முறையும், வந்து சேர்ந்தன. இப்போது பில் எண்ணைக் கொண்டு இரட்டைகளை நீக்குகிறோம். பில் போட்ட நேரத்தையும் தளத்துக்கு வந்த நேரத்தையும் தனித்தனியே வைத்திருக்கிறோம். தகவல் வராத கிளைக்குப் பூஜ்ஜியத்துக்குப் பதில் சாம்பல் நிறக் கட்டம் தெரியும்.

பில் திரையில் ‘தீர்ந்தது’ என்று ஒரு பொத்தானும் சேர்த்தோம். பெரும்பாலான கிளைகளில் அதை யாரும் அழுத்துவதில்லை. அக்கா அழுத்துகிறார், ஆனாலும் காலண்டர் தாளை விடவில்லை. இந்த ஆண்டு அவர் கிளைக்கு 70 கிலோ வரை மல்கோவா போனது. சில நாட்களில் மாலையில் இரண்டு மூன்று கிலோ கனிந்து கறுத்துச் சேதாரத்தில் சேர, மறுநாள் காலையிலேயே கொள்முதல் மேலாளர் என்னை அழைத்து விளக்கம் கேட்கிறார்.