எல்லாரும் நாற்பதில்தான் வந்தார்கள்

கார் இன்சூரன்ஸ் க்ளெய்ம் ஃபார்மில் ஒரு கட்டம் உண்டு. விபத்து நடந்தபோது வண்டி என்ன வேகத்தில் வந்தது என்று கேட்கும். விழுப்புரத்தில் உட்கார்ந்துகொண்டு பதினாறு வருடமாக, அடிபட்ட வண்டியின் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வேலை பார்க்கிறேன். திண்டிவனத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வரை எந்த ஒர்க்‌ஷாப்பில் அடிபட்ட கார் வந்து நின்றாலும் அநேகமாக நான் போய்ப் பார்த்திருப்பேன். அந்தக் கட்டத்தில் 40 என்று எழுதியிருக்கும். கொஞ்சம் துணிச்சல்காரர் என்றால் 50. முன்பக்கமே இல்லாமல் கிரேனில் தொங்கி வந்த வண்டிக்கும் 40தான்.

விபத்துக்குக் காரணம் எழுதச் சொன்னால் நாய் வந்துவிடும். ‘திடீரென நாய் குறுக்கே வந்ததால்...’ என்றுதான் பாதி ஃபார்ம்கள் தொடங்கும். அத்தனை நாய்களும் நிஜமாகவே ரோட்டைக் கடந்திருந்தால் விக்கிரவாண்டியில் அவற்றுக்கென்று தனி டோல்கேட்டே போட்டிருக்கலாம்.

ஆனால் தகரம் பொய் சொல்லாது. பம்பரும் ஹெட்லைட்டும் மட்டும் போயிருந்தால் அது ஒரு வேகம். ரேடியேட்டர் போய் எஞ்சினோடு ஒட்டி, சேஸிஸ் மடிந்து, முன் கதவு திறக்க மறுத்து, கூரையில் ஒரு சுருக்கம் விழுந்திருந்தால் அது வேறு வேகம். டிங்கர் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், பத்தாவதுகூட முடிக்காதவர். கூரைச் சுருக்கத்தை விரலால் தடவிவிட்டு, “நூறு தாண்டி இருக்கும் சார்” என்பார். நான் ஃபார்மைத் திருப்பிக் காட்டுவேன். சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் ஒர்க்‌ஷாப்பில் பார்த்தால்தான் உறைக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் போகிறது. கிரிக்கெட் பிட்சின் நீளமே 20 மீட்டர்தான். என்ன நடக்கிறது என்று புரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் பிட்சைத் தாண்டியாகிவிட்டது. வண்டி நிற்கத் தொடங்குவதே அதற்கப்புறம்தான்.

‘ஃபைவ் ஸ்டார் வண்டி சார்’ என்று பெருமையாகச் சொல்பவர்கள் இப்போது அதிகம். நல்ல விஷயம்தான், நானும் அப்படி ஒன்றுதான் வைத்திருக்கிறேன். பாதுகாப்புக்குக் கொடுக்கும் அந்த ஸ்டாருக்காக வண்டியை நேருக்கு நேர் மோதவிட்டுச் சோதிப்பது 64 கிலோமீட்டர் வேகத்தில். 120-ல் மோதினால் அதைவிட மூன்றரை மடங்கு சக்தியை வண்டி வாங்கவேண்டும். அதற்கு யாரும் ஸ்டார் கொடுக்கவில்லை. 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்கள் 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் விடாமலும் கத்தும். அந்தச் சத்தத்தை நிறுத்தித் தரமுடியுமா என்று சர்வீஸ் கவுன்டரில் கேட்பவர்களை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

ஒரு வண்டி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. வெள்ளை நிற செடான். பின் சீட்டு முழுக்கக் கல்யாணப் பத்திரிகைகள், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது. டிரைவரின் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். பெல்ட் போட்டிருக்கும்போது மோதினால் இழுவையில் அது சூடேறி, மேலே இருக்கும் பிளாஸ்டிக் வளையத்தில் தேய்ந்து உருகிய தடம் விழும். இதில் வளையம் புதுசுபோல வழவழவென்றிருந்தது. பெல்ட் கொக்கியில் ஒரு கிளிப் மட்டும் செருகியிருந்தது, அலாரம் அடிக்காமலிருக்க ஆன்லைனில் விற்பார்களே, அது. ஃபார்ம் கொண்டுவந்தவர் இறந்தவரின் மைத்துனர். “மச்சான் எப்பவுமே நிதானமாத்தான் ஓட்டுவாரு சார்” என்றார். வேகம் 40. நான் ஒன்றும் கேட்கவில்லை. பத்திரிகைகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன்.

மத்திய அரசின் 2022 கணக்குப்படி அந்த வருடம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் அதிவேகத்தால் இறந்ததாகப் பதிவாகியிருக்கிறது. விபத்து எண்ணிக்கையில் அந்த வருடம் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. போலீஸ் புத்தகத்தில் எல்லாரும் வேகமாக வந்திருக்கிறார்கள், என் ஃபைலில் ஒருவர்கூட வரவில்லை. பணம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். வேகத்துக்காக மட்டும் க்ளெய்ம் நின்றுபோனதை நான் பார்த்ததில்லை. குடித்திருந்தாலோ லைசென்ஸ் இல்லாவிட்டாலோதான் சிக்கல். அதை எடுத்துச் சொன்ன பிறகும் 40 என்றுதான் எழுதுகிறார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். போன வருடம் உளுந்தூர்பேட்டையில் ஒரு ஸ்பாட் சர்வே. லாரி கவிழ்ந்து கிடக்கிறது, கிரேன்காரர் போன் மேல் போன் போடுகிறார். எனக்கு முன்னால் ஒரு கார், வலது லேனில் 80-ல் போய்க்கொண்டிருந்தது. ஹெட்லைட்டை அடித்து அடித்துப் பார்த்தேன், நகரவில்லை. பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனேன். உள்ளே ஒரு வயதான தம்பதி, அந்த அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. இடதுபக்கமாக ஏறி, கட் அடித்து, அவர்கள் முன்னால் போய் விழுந்தேன். அடுத்த விநாடி சென்டர் மீடியன் இடைவெளியிலிருந்து ஒரு மொபெட்டின் முன் சக்கரம் எட்டிப் பார்த்தது. பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை ஒடித்ததில் மீடியனில் ஏறி, அரளிச் செடிகளை வரிசையாகச் சாய்த்துவிட்டு நின்றேன். மொபெட்காரர் அங்கேயே நின்றபடி என்னைப் பார்த்தார். பால் கேன் ஒன்றுகூடச் சிந்தவில்லை. அந்தத் தம்பதி காரை ஓரங்கட்டி, இறங்கி வந்து, தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள்.

உளுந்தூர்பேட்டைக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தது. அந்தத் தூரத்தை 80-ல் போயிருந்தால் 9 நிமிடம், நான் வந்த 110-ல் ஆறரை நிமிடம்.

என் வண்டியை நானே சர்வே செய்யமுடியாது. கடலூரிலிருந்து வேறொருவர் வந்தார், பழைய சிநேகிதர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், உள்ளே தள்ளிப்போயிருந்த வலது சக்கரத்தை உட்கார்ந்து பார்த்தார். பிறகு நான் நிரப்பிக் கொடுத்த ஃபார்மைப் படித்தார். வேகம் என்ற கட்டத்தில் 50 என்று எழுதியிருந்தேன். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்:

“நாய் ஏதாவது குறுக்கே வந்துச்சா சார்?”