ரயிலைக் காட்டி ஒரு வாய்

அக்டோபர் 4, 2025, சனி

அம்மா நேற்று இரவு திருச்சி விமானத்தில் கிளம்பிவிட்டார். பிரசவத்துக்கு வந்து நாற்பது நாள் பத்தியம் போட்டுவிட்டுப் போனவர், செப்டம்பரில் மறுபடியும் ஒரு மாதம் வந்திருந்தார். ஐந்து மணிக்கே எரியும் சமையலறை விளக்கு இன்று எரியவில்லை. பாப்பா விழித்ததும் கதவைத்தான் பார்த்தாள். அந்த வழியாகத்தான் அம்மாயி "எந்திரிச்சிட்டியா என் தங்கம்" என்று வருவார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அப்புறம் என் பக்கம் திரும்பினாள். தூக்கி வைத்துக்கொண்டேன்.

அம்மா விட்டுப்போனவை: ஒரு டப்பா லேகியத்தின் அடிமிச்சம், மன்னார்குடியில் வாங்கிய பனையோலைக் கிலுகிலுப்பை, பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிய கஞ்சிக் குறிப்பு. "கேப்பை ஒரு ஆழாக்கு, ஊறவச்சு, முளைகட்டி, மூணு நாள் நல்ல வெயில்ல காயவச்சு" என்று தொடங்குகிறது. பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை தாய்ப்பால் மட்டும்தான்.

சாயங்காலம் ஜன்னலோரம் நின்று ரயில் காட்டினேன். நாங்கள் இருப்பது சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில், நான்காவது மாடி. பங்கிட் நிலையத்துக்கும் ஃபஜார் நிலையத்துக்கும் நடுவே எல்ஆர்டி என்னும் இலகு ரயில் எங்கள் ஜன்னல் உயரத்திலேயே ஓடுகிறது. வீடுகளை நெருங்கும்போது அதன் கண்ணாடிகள் தானாகவே பால்வெள்ளையாக மாறிவிடும், உள்ளே இருப்பவர்கள் நம் வீட்டுக்குள் பார்க்காமல் இருப்பதற்காக. பாப்பாவுக்கு அந்த வெள்ளைதான் வேடிக்கை. ரயில் போனபிறகும் அது போன திசையையே பார்ப்பாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று பாயில் குப்புறக் கிடந்தவள் இரண்டு கையையும் ஊன்றி நெஞ்சைத் தூக்கினாள். ஒரு முழங்கால் மடங்கியிருந்தது, இன்னொரு கால் பின்னால் நீண்டிருந்தது. தலை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் என்று பள்ளியில் படித்தபோது அது எனக்கு வெறும் மதிப்பெண். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவத்தையும் வரிசையாக ஒப்பித்திருக்கிறேன். காற்றில் அசையும் கீரைத்தண்டு மாதிரி ஒரு பிள்ளை தலையை ஆட்டும் என்று யாரோ எத்தனை நூற்றாண்டுக்கு முன்னால் உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள்! ஐந்தாம் மாதம் என்று கணக்கும் வைத்திருக்கிறார்கள். பாப்பா அந்தக் கணக்கில் சரியாக வந்து நிற்கிறாள்.

கைகள் தளர்ந்ததும் மூக்கு பாயில் இடித்தது. ஒரு சின்ன அழுகை. திரும்பவும் கையை ஊன்றினாள்.

அக்டோபர் 9, வியாழன்

இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் ஒலி 96.8 வைத்தேன். தமிழ்க் குரல் கேட்டதும் பாப்பா தலையைத் திருப்பி ரேடியோவைத் தேடினாள். அம்மாயி என்று நினைத்தாளோ என்னவோ.

அக்டோபர் 11, சனி

கேழ்வரகு வாங்க லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்குப் போனோம். புக்கிட் பாஞ்சாங்கில் டவுன்டவுன் ரயில் ஏறினால் 11-ஆவது நிறுத்தம் லிட்டில் இந்தியா, மாறவே வேண்டாம். தள்ளுவண்டியோடு போகிற எங்களுக்கு அது பெரிய வசதி. தீபாவளிக் கூட்டம். சிராங்கூன் சாலை முழுக்க அலங்கார விளக்குகள், பகலில் எரியாவிட்டாலும் பாப்பா அண்ணாந்தபடியே வந்தாள். பஃபலோ ரோட்டில் பூக்கடை அக்கா ஒரு மல்லிகையை அவள் உள்ளங்கையில் வைத்தார். மூடிய கையைத் திறக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து விரலைப் பிரித்தபோது பூ பழுப்பாகி, கையெல்லாம் மணம்.

ஈரச்சந்தையில் சுறாவைப் பார்த்ததும் ஏப்ரல், மே மாதங்கள் நினைவுக்கு வந்தன. மிளகும் பூண்டும் போட்டு அம்மா செய்த சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். பால் நன்றாகச் சுரக்கும் என்று ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு காரணம் சொல்லி ஊட்டுவார். நான் அழுதுகொண்டே சாப்பிட்ட நாள்கள் அவை. ஏன் அழுகிறேன் என்று எனக்கே தெரியாது. அம்மா கேட்கவும் மாட்டார், அடுத்த கவளத்தை உருட்டுவார். அந்தக் கைதான் என்னை எழுப்பி உட்காரவைத்தது.

கேழ்வரகு ஒரு கிலோ, பாசிப்பருப்பு, வடிகட்ட ஒரு முழம் மல் துணி. அவ்வளவுதான் வாங்கினோம்.

அக்டோபர் 15, புதன்

அம்மாவின் குறிப்பு இங்கே நடக்காது. முளைகட்டுவதில் குறையே இல்லை. இந்தப் புழுக்கத்துக்கு, இரவில் துணியில் கட்டிவைத்த கேழ்வரகு மறுநாள் மாலைக்குள் வெள்ளை வெள்ளையாக முளைவிட்டிருந்தது. ஆனால் வெயில்? இது இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலம். காலையில் சுள்ளென்று அடிக்கும், மதியம் இரண்டு மணிக்கு இடியும் மழையும். ஜன்னலோரம் தாம்பாளத்தில் பரப்பினேன், மூன்று நாளும் ஓடி ஓடி எடுத்தேன். இன்று முகர்ந்தால் லேசாகப் புளித்த வாடை. பிள்ளைக்குப் போகிற பொருளில் சந்தேகமே இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

வீடியோவில் அம்மாவிடம் சொன்னபோது, "அதுக்கு ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? காயவைக்காத, பாலா எடுத்துக் காய்ச்சு" என்றார். ஊறவைத்து, அரைத்து, துணியில் பிழிந்து, அன்றன்றைக்கு ஒரு பிடி. வெயிலே வேண்டாம்.

எதிர்வீட்டு மலாய் அம்மாவிடம், நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவரிடம், இதைச் சொன்னேன். நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். பெத்திர் நிலையத்தின் பெயருக்கே இடி என்றுதான் அர்த்தம், இந்தப் பக்கம் வந்து வெயிலைத் தேடுகிறாயே என்று பாப்பாவின் கன்னத்தைத் தட்டினார். ஃபஜார் விடியல், செஞ்சா அந்தி என்று எல்லாவற்றையும் மலாயில் சொல்லிக்கொடுத்தார். இத்தனை வருடம் அந்தப் பெயர்களைச் சும்மாவே சொல்லிக்கொண்டு போய்வந்திருக்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

விடிவதற்கு முன்பே வெதுவெதுப்பான எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டல். என் நீட்டிய கால்களின் மேல் குப்புறப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். தொடையில் எண்ணெய் வழுக்குமே என்று பயந்து என் கணவர் இரண்டு பக்கமும் கையை அணைகொடுத்து உட்கார்ந்திருந்தார். பாப்பா கத்தவில்லை. குளித்து முடித்து, சிவப்புப் பாவாடையைக் கட்டுவதற்குள் தூங்கிப்போனாள்.

இங்கே 1972-லிருந்தே பட்டாசுக்குத் தடை. சின்ன வயதில் ஊர்த் தீபாவளியை எண்ணி ஏங்கியிருக்கிறேன். இன்று அந்த அமைதி எனக்கு வரமாக இருந்தது, பிள்ளை ஒரு முறைகூடத் திடுக்கிட்டு விழிக்கவில்லை. மக்சிக் வீட்டுக்கும் பக்கத்துச் சீன ஆண்ட்டி வீட்டுக்கும் முறுக்கும் அதிரசமும் கொடுத்தோம். ஆண்ட்டி பாப்பாவின் கையில் ஒரு ஆரஞ்சைக் கொடுத்தார். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து நக்கிப் பார்த்து முகத்தைச் சுருக்கினாள், பிறகு மறுபடியும் நக்கினாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஆறு மாதம் முடிந்தது. முதல் சோறு.

முறைப்படி சோறூட்டுவது தை மாதம் ஊரில், குலதெய்வம் கோயிலில். இது வீட்டில், எங்களுக்குள். நேற்றிரவே கேழ்வரகை ஊறப்போட்டேன். காலையில் நைசாக அரைத்து, மல் துணியை நான்காக மடித்துப் பிழிந்தேன். முதல் பால் சந்தனக் குழம்பு நிறத்தில் இறங்கியது. அரை மணி நேரம் அசையாமல் வைத்து மேல் தண்ணீரை இறுத்தேன். அடியில் தங்கிய மாவைப் புதுத் தண்ணீரில் கரைத்துச் சிறு தீயில் ஏற்றினேன். கரண்டியை எடுக்கவே கூடாது. முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு ஒரு நிமிடத்துக்குள் அடியில் கனக்கும், கரண்டி இழுபடும், நிறம் கறுத்து மேலே பளபளப்பு ஏறும். அந்தப் பளபளப்பு வந்தால்தான் வெந்தது என்று அர்த்தம். உப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை, ஒரு வயது வரை இரண்டும் வேண்டாம். தேனும் அப்படியே. சில வீடுகளில் நாக்கில் தேன் தடவுவார்கள், குழந்தைக்கு அது ஆபத்தாக முடியலாம் என்பதால் அம்மாவிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன்.

அவர் மடியில் பாப்பா, எதிரே நான். சின்ன வெள்ளிக் கிண்ணம், அம்மாயி வாங்கித் தந்தது. கரண்டி நுனியில் ஒரு மிளகளவு எடுத்து உதட்டில் வைத்தேன். புருவம் இரண்டும் மேலே போயின. நாக்கு முன்னால் வந்து எல்லாவற்றையும் வெளியே தள்ளியது. மோவாயில் வழிந்ததை எடுத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் தள்ளினாள். இது பிடிக்காததால் அல்ல. இத்தனை நாள் உறிஞ்ச மட்டுமே தெரிந்த நாக்கு அது, உள்ளே தள்ளுவதை இனிமேல்தான் கற்கவேண்டும். நான்காவது முறை ஒரு சின்ன ‘களக்’ கேட்டது. விழுங்கிவிட்டாள்! ஐந்தாவதில் குமட்டியது, கண்ணில் நீர் வந்தது, எனக்கு உயிரே போய்வந்தது. அவளே சமாளித்துக்கொண்டாள்.

அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். என் அம்மா எனக்கு நிலாவைக் காட்டினார், காக்கையைக் காட்டினார், மாட்டைக் காட்டினார். இங்கே என் பிள்ளைக்கு ரயில். "வருது பாரு, வெள்ளையாகப் போகுது பாரு" என்றதும் வியப்பில் வாய் திறந்தது, ஒரு வாய் போனது. ரயில் போகும்வரை வாயிலேயே வைத்திருந்து, போனபிறகு விழுங்கினாள். மூன்று ரயில், மூன்று வாய். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. மிச்சத்தைத் தட்டில் ஊற்றி முன்னால் வைத்தேன். அடித்தாள், அளைந்தாள், கையை முடியில் தேய்த்தாள். சாப்பாட்டையும் விளையாட்டையும் இந்த வயதில் பிரிக்கவே கூடாது என்று தோன்றுகிறது. தொட்டுப் பார்க்காத ஒன்றை அவள் எப்படி நம்பி விழுங்குவாள்?

அக்டோபர் 28, செவ்வாய்

தடுப்பூசி. கொஞ்சம் காய்ச்சல், தோளைவிட்டு இறங்கவில்லை. தாதி கேட்டார், என்ன கொடுக்கிறீர்கள் என்று. கேழ்வரகு நல்லது, சுண்ணாம்புச் சத்து நிறைய, ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் பாலில் கிடைக்கும் இரும்புச்சத்து போதாது, பருப்பு, மீன், முட்டை, கறி எல்லாம் சீக்கிரம் தொடங்குங்கள் என்றார். மக்சிக் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார், குராவ் மீனை ஆவியில் வேகவைத்து முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துக் கஞ்சியில் மசிக்கவேண்டும் என்று. நம் ஊரில் அதைக் காலா மீன் என்பார்கள். அடுத்த வாரம்.

அக்டோபர் 30, வியாழன்

திங்கட்கிழமை எனக்கு வேலை. 16 வாரப் பிரசவ விடுப்பு, பெற்றோர் இருவருக்கும் பொதுவான 6 வாரத்தையும் நானே எடுத்துக்கொண்டது, அதற்கு மேல் ஐந்து வாரம் சம்பளமில்லா விடுப்பு, எல்லாம் முடிந்தது. அவருடைய நான்கு வாரத்தில் இரண்டை மிச்சம் வைத்திருந்தார், அதை இப்போது எடுக்கிறார். பிறகு அத்தை வருகிறார். எல்லாம் சரியாகத்தான் திட்டமிட்டிருக்கிறோம். இருந்தாலும் பால் எடுக்கும் கருவியைப் பைக்குள் வைக்கும்போது கை நடுங்கியது.

இன்று கஞ்சி அவருடைய முறை. முதல் தடவை தீயைக் கூட்டிவிட்டார். "ஏம்மா, கட்டி தட்டுது" என்று அலறினார். கொட்டிவிட்டு மறுபடி கரைத்தோம். இரண்டாவது தடவை நான் வெளியே வந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து "பளபளங்குது, வந்து பாரேன்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் என் நெஞ்சில் ஏதோ இறங்கியது.

விளையாட்டும் சொல்லிக்கொடுத்தேன். துப்பட்டாவால் முகத்தை மூடினால் மூன்று எண்ணி எடுக்கவேண்டும், அதற்குமேல் தாமதித்தால் உதடு பிதுங்கும். கிலுகிலுப்பையை இடது பக்கம் ஆட்டினால்தான் சீக்கிரம் புரள்வாள். மடியில் வைத்துச் சாய்ந்தாடும்போது கழுத்தைப் பிடிக்கத் தேவையில்லை, இடுப்பைப் பிடித்தால் போதும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு, "எனக்கும் அவளுக்கும் தனியா ஒரு ஆட்டம் இருக்கு" என்று, உதடுகளைச் சேர்த்துப் ‘பூர்ர்’ என்று ஊதினார். பாப்பா உடல் முழுக்கச் சிரித்தாள். எனக்குத் தெரியாமல் இது எப்போது நடந்தது?

நவம்பர் 3, திங்கள்

காலையில் தூங்கிக்கொண்டிருந்தவளின் உச்சியில் முகர்ந்துவிட்டுக் கிளம்பினேன். பகலில் இரண்டு படம் அனுப்பினார். ஒன்றில் கண் இமையில்கூடக் கஞ்சி.

மாலையில் புக்கிட் பாஞ்சாங்கில் எல்ஆர்டி ஏறினேன். பெத்திர், பெண்டிங், பங்கிட். எங்கள் பிளாக் வரும் என்று இடது பக்கக் கண்ணாடியோடு ஒட்டி நின்றேன். சரியாக அந்த இடத்தில் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. இத்தனை வருடமும் இதே ரயிலில்தான் போய்வருகிறேன், இன்றுதான் அந்த வெள்ளைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்து நின்றேன். கையை மட்டும் கண்ணாடியில் வைத்தேன்.

கதவைத் திறந்தால் இருவரும் ஜன்னலோரம். அவர் தோளில் துணி, கையில் வெள்ளிக் கிண்ணம். "இப்பப் போன ரயிலுக்கு நல்லா வாயைத் திறந்தா" என்றார். பாப்பா என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டித் துள்ளினாள். கிண்ணத்தில் இன்னும் இரண்டு வாய் இருந்தது. கைகால் கழுவிவிட்டு வந்து அவளை வாங்கிக்கொண்டேன். அடுத்த ரயிலுக்காக மூவரும் நின்றோம்.