வண்டியைப் பாருங்கள், டிரைவரின் போனை விட்டுவிடுங்கள்

கடனில் வாங்கிய லாரி, உள்ளே அடுத்தவர் சரக்கு. வண்டி எங்கே நிற்கிறது என்று ஓனர் பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் லோடை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போன டிரைவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம்.

வண்டியில் மாட்டும் ஜிபிஎஸ் கருவியே ஓனருக்குப் போதும். வாடகைக் கார், பஸ் போன்ற பயணிகள் வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட ஏஐஎஸ் 140 தரத்தில் இடம், வேகம், இக்னிஷன் நிலை (சாவி ஆனா, ஆஃபா), பேட்டரி இணைப்பு எல்லாமே பதிவாகும். மெயின் பேட்டரியைக் கழற்றினாலும் உள்பேட்டரியில் 4 மணி நேரம் ஓட வேண்டும். நெட்வொர்க் இல்லாத இடத்தில் 40,000 பதிவுகளைச் சேர்த்து வைத்துப் பிறகு அனுப்பும்.

டிரைவர் மேல் வீண்பழி வருவது பெரும்பாலும் மாட்டிய விதத்தால்தான். இக்னிஷன் வயரைச் சாவி லைனில் கொடுக்காமல் நேராக பேட்டரி பாசிட்டிவில் கொடுத்துவிட்டால், இன்ஜின் எப்போதும் ஓடுவதாகக் கருவி நினைத்துக்கொள்ளும். கேபினில் படுத்துத் தூங்கியவர் இரவு முழுக்க இன்ஜினை ஐடிலில் விட்டார் என்று ரிப்போர்ட் வரும். டீசல் கணக்கில் சந்தேகம் கிளம்பும். மல்டிமீட்டரை அந்த வயரில் வையுங்கள். சாவி ஆஃபில் 0 வோல்ட், ஆனில் லாரி என்றால் சுமார் 24 வோல்ட் காட்ட வேண்டும். தகரக் கூரைக்கு அடியில் நிற்கும் வண்டி சில பத்து மீட்டர் நகர்ந்ததாகக் காட்டுவதும் சகஜம். இக்னிஷன் ஆஃப், சாட்டிலைட் எண்ணிக்கை குறைவு என்றால் அந்த நகர்வைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இனி போன். டிரிப்பின்போது டிரைவர் இருக்கும் இடத்தை ஓனருக்கு அனுப்பும் டிரிப் ஆப்பை இன்ஸ்டால் செய்யும்போது லொகேஷனுக்கு 'எப்போதும் அனுமதி' கொடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் தேவையில்லை. 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று வைத்து, ஆப்பைத் திறந்து டிரிப்பைத் தொடங்கினால், மேலே நோட்டிபிகேஷன் நிற்கும்வரை ஸ்கிரீன் அணைந்தாலும் இடம் போய்க்கொண்டிருக்கும். நடுவில் அறுந்தால் காரணம் பெரும்பாலும் போனின் பேட்டரி சேமிப்புதான். அந்த ஒரு ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். லொகேஷன் அனுமதியைக் கூட்டாதீர்கள். டிரிப்பை முடித்ததும் நோட்டிபிகேஷன் மறைய வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல் பிரைவசி டேஷ்போர்டில் எந்த ஆப் எத்தனை மணிக்கு லொகேஷனை எடுத்தது என்பது 24 மணி நேரத்துக்குத் தெரியும். இறக்கிய பிறகும் எடுத்திருந்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு கேளுங்கள்.

ஒரு நாள் சவாரிக்கு ஆப்பே வேண்டாம். வாட்ஸ்அப் லைவ் லொகேஷனை 8 மணி நேரத்துக்கு அனுப்பினால் தானாகவே நின்றுவிடும்.

சிம் வழியாகப் பார்ப்பது வேறு ரகம். டவரை வைத்துக் கணக்கிடுவதால் போனில் ஜிபிஎஸ்ஸை அணைத்தாலும் நிற்காது. சம்மதம் கேட்டு வரும் எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் பலர் சரி சொல்லிவிடுகிறார்கள். எத்தனை நாளைக்கு என்று முதலில் கேளுங்கள், டிரிப் முடிந்த அன்றே ரத்து செய்யச் சொல்லுங்கள்.

ஜாமீனில் வெளிவந்தவர்கூடத் தன் கூகுள் மேப் பின்னைப் போலீசோடு பகிர வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது என 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலை முடிந்த டிரைவரிடம் அதைக் கேட்க ஓனருக்கு என்ன இருக்கிறது?

ஓனர்களுக்கு ஒன்று: ஆபீசில் எல்லாரும் ஒரே லாகினில் ஜிபிஎஸ் பார்ப்பதை நிறுத்துங்கள். வேலையை விட்டுப் போனவர் கையிலும் அந்த பாஸ்வேர்டு இருக்கிறது.