கீயை அழித்தேன், கிட் அழிக்கவில்லை

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. எக்ஸ்போர்ட் செய்யும் ஒரு கம்பெனிக்கு, பேக்கிங் லிஸ்ட் தானாகவே பையருக்கு மெயிலில் போகிற மாதிரி பைத்தானில் செய்து கொடுத்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை முதலாளி போனில்: "ஏனுங்க தம்பி, நம்ம பேர்ல ஆரோ லாட்டரி மெயில் அனுப்பறாங்களாட்ட இருக்குது. பையர் கேக்கறாருங்க."

மெயில் சேவையின் ஏபிஐ கீயை (நம் பெயரில் மெயில் அனுப்ப அந்தச் சேவை தரும் ரகசியக் குறியீடு) செட்டிங்ஸ் கோப்பிலேயே எழுதி வைத்திருந்தேன். கோடு இருந்தது கிட்டில், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவியில். நண்பர் பார்ப்பதற்காக அந்த ரெப்போவை (கோடுத் தொகுப்பை) பப்ளிக் ஆக்கியதும் நான்தான். பதறிப்போய் அந்த வரியை அழித்து, கமிட் செய்து (மாற்றத்தைப் பதிந்து), புஷ் செய்தேன் (ஆன்லைனில் ஏற்றினேன்). அரை மணி நேரம் வீண். பழைய கமிட்டைத் திறந்தால் கீ அப்படியே இருக்கிறது! கிட் எதையும் மறப்பதில்லை. முதலில் செய்திருக்க வேண்டியது, பழைய கீயை ரத்து செய்து புதிதாக ஒன்று வாங்குவது. வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அப்புறம். யாராவது ஏற்கெனவே குளோன் செய்திருந்தால் (முழு நகல் எடுத்திருந்தால்) அதனால் பயனும் இல்லை.

புதுக் கீயை என்விரான்மென்ட் வேரியபிளில் (கோடுக்கு வெளியே இருந்து புரோகிராம் எடுத்துக்கொள்ளும் மதிப்பில்) வைத்தேன். டெர்மினலில் 'எக்ஸ்போர்ட்' என்ற கட்டளை கொடுத்து ஓட்டினால் ஓடியது. சர்வரில் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ததும் விழுந்தது. எக்ஸ்போர்ட் செய்தது அந்த ஷெல்லுக்கும் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) அதிலிருந்து கிளம்பும் புரோகிராம்களுக்கும்தான். சிஸ்டம்டி (லினக்ஸ் சர்வரில் சர்வீஸ்களைக் கவனிக்கும் புரோகிராம்) தொடங்கும் சர்வீஸுக்கு அது தெரியாது. ரெப்போவுக்கு வெளியே தனிக் கோப்பில் கீயை வைத்து, ரூட் (சர்வரில் முழு அதிகாரம் உள்ள கணக்கு) மட்டும் படிக்கும்படி 600 பர்மிஷன் கொடுத்து, சர்வீஸ் கோப்பில் அதன் பாதையைக் குறித்த பிறகுதான் சரியானது. ரூட் பார்த்தால் தெரியும்தான். ஆனால் ரெப்போவோடு வெளியே போகாது.

இரவு பதினொன்றுக்கு அடுத்த கூத்து. டீபக் (பிழை விவரங்களைக் காட்டும் வசதி) வேரியபிளில் 'ஃபால்ஸ்' (ஆஃப்) என்று போட்டிருந்தும் பிழைப் பக்கம் கோடு வரிகளோடு வெளியே தெரிந்தது. என்விரான்மென்டிலிருந்து வருவதெல்லாம் வெறும் எழுத்து. காலியாக இல்லாத எந்த எழுத்தையும் பைத்தான் 'ட்ரூ' என்றே எடுத்துக்கொள்ளும். 'ட்ரூ' என்ற சொல்லே வந்தால் மட்டும் ஆன் என்று மாற்றி எழுதினேன்.

மறுநாள், கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிற தம்பியிடமிருந்து மெசேஜ்: "அண்ணா, புதுக் கீயை நம்ம வாட்ஸ்அப் குரூப்புல போட்டு உடுங்க." வண்டியை எடுத்துக்கொண்டு நேரே கிளம்பிவிட்டேன்.