ஷாட்கன் தோட்டா போடும் ரிவால்வரைப் பார்க்க 430 கிலோமீட்டர்

முதலில் பில்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. நெவாடா மாநிலத்து லாஸ் வேகாஸில் நாங்கள் போன ஷூட்டிங் ரேஞ்சின் பலகையில் துப்பாக்கி வாடகை 30 டாலர் என்று இருந்தது. கட்டியது 94. சுடும் இடத்துக்கு 15, காதுமூடி, கண்ணாடிக்கு 5, குறிக் காகிதத்துக்கு 4, 20 தோட்டாவுக்குத் தலா 2. நம் பணத்தில் எட்டாயிரம் ரூபாய்! முன்கூட்டியே மொத்தமாகச் சொன்னால் என்ன?

அத்தான் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிறார், அமெரிக்கக் குடிமகன். ஷாட்கன் தோட்டா போடும் டாரஸ் கம்பெனியின் ஜட்ஜ் ரிவால்வரை நேரில் பார்க்க வேண்டும் என்று ஊரிலிருந்தே அவரை நச்சரித்துக்கொண்டிருந்தேன். கலிபோர்னியாவில் அதற்கு வழியில்லை. ஷாட்கன் தோட்டா போடும் கைத்துப்பாக்கியைக் குட்டைக் குழல் ஷாட்கன் என்று கணக்கில் வைத்து அங்கே தடை செய்திருக்கிறார்கள். "அப்ப நெவாடாவுக்குப் போயிருவோம் மாப்ளே" என்றார்.

வழியில் பேக்கர் என்ற சின்ன ஊரில் 134 அடி உயர வெப்பமானி நிற்கிறது. 1913-ல் டெத் வேலியில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் நினைவாக அந்த உயரம். அங்கே காரை நிறுத்தி, ஏசி ஓட ஓட, அக்கா கட்டிக் கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டோம். வறுத்த கடலை இன்னும் மொறுமொறுவென்று இருந்தது. இந்தப் பயணத்தில் அதைவிட நல்ல சாப்பாடு கிடைக்கவில்லை.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன். ஜட்ஜின் உருளையைப் பார்த்ததும் அசந்துபோனேன், அவ்வளவு நீளம்! 410 என்ற வகை, இரண்டரை அங்குல ஷாட்கன் தோட்டா உள்ளே போக வேண்டுமே. உருளையில் இருக்கும் அதே ஐந்து அறைகளில் 45 கோல்ட் என்ற ஒற்றைக் குண்டுத் தோட்டாவும் போடலாம், இரண்டையும் கலந்தும் போடலாம். மயாமி நீதிபதிகள் தற்காப்புக்கு வாங்கியதால் இந்தப் பெயர் என்பது கம்பெனி சொல்லும் கதை.

நான் சுற்றுலா விசாவில் போனவன், அதனால் அத்தான்தான் சுட்டார். 7 கஜத்தில், பறவை சுடும் ரவை, அதாவது பொடிக் குண்டுகள், நிறைந்த ஷாட்கன் தோட்டா. காகிதம் முழுக்கப் பொத்தல், நடுவில் மட்டும் வெறிச்சென்று இருந்தது! குழலின் உட்புறம் திருகு போல ஓடும் வரிப்பள்ளங்கள்தான் காரணம். அவை ரவைகளைச் சுழற்றி வெளிப்பக்கம் வீசிவிடுகின்றன. குழலை வழவழப்பாக விட்டிருக்கலாமே என்றால், 1934-ம் வருடத்து மத்திய சட்டப்படி அப்படிப்பட்ட கைத்துப்பாக்கிக்குத் தனிப் பதிவு வேண்டும், 2025 வரை வரியும் இருந்தது. வரிப்பள்ளம் இருந்தால் சாதாரண கைத்துப்பாக்கி. சட்டத்துக்காகச் செய்த வேலை ரவையைக் கெடுக்கிறது.

அப்புறம் 45 கோல்ட். குள்ளத் தோட்டா என்பதால் குண்டு அந்த நீள அறையில் காலி இடத்தைத் தாண்டித்தான் வரிப்பள்ளத்தைப் பிடிக்கிறது. அத்தான் நன்றாகச் சுடுவார், ஆனாலும் குறி கொஞ்சம் சிதறியது. இரண்டு வேலையும் செய்கிறது, இரண்டிலும் முழுசாக இல்லை என்பதுதான் என் முடிவு. இருந்தாலும் அந்த நீள உருளை சுழல்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது எனக்கு நெஞ்சு படபடத்தது. அதற்காகவே இன்னொரு தடவை போவேன்.

அடுத்த தட்டில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் கவர்னர் இருந்தது. அதுவும் இதே மாதிரி ரிவால்வர்தான், ஆனால் ஆறு அறை, 45 ஏசிபி என்ற இன்னொரு வகைத் தோட்டாவும் போகும். அத்தான் பர்ஸை எடுத்தார். வேண்டாம் என்று கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டேன்.