தலைவலி நின்ற பிறகு: சென்டர் ஃபீல்டுக்குத் திரும்பிய கதை

தலைவலி நின்ற பிறகுதான் எனக்கு உண்மையான வேலை தொடங்கியது. பேஸ்பாலில் சென்டர் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வெளிப்பகுதியான அவுட்ஃபீல்டின் நடுவில் ஆடுகிறவன் நான். கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சிக்குப் பின் என்னால் ஓட முடிந்தது, பந்தை எறிய முடிந்தது, மட்டையைச் சுழற்றவும் முடிந்தது. ஓடிக்கொண்டே அண்ணாந்து வானத்தைப் பார்க்க மட்டும் முடியவில்லை. அவுட்ஃபீல்டருக்கு அதுதானே தொழில்! இதே நிலையில் இருக்கும் மற்ற ஆட்டக்காரர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

எனக்கும் அவுட்ஃபீல்டின் இடப்பக்கத்தைக் காக்கும் லெஃப்ட் ஃபீல்டருக்கும் நடுவில் தாழ்வாக வந்த பந்து அது. இருவரும் பாய்ந்தோம், இருவரும் குரல் கொடுத்தோம். ஒரே நொடியில் கத்தியதால் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கவில்லை. அவருடைய தோள் என் தாடையில் இடித்தது. நினைவு தப்பவில்லை, நானே எழுந்து நின்றேன். பயிற்சியாளர் ஓடி வந்து, "இது எத்தனையாவது இன்னிங்ஸ்? கடைசியாக ரன் எடுத்தது யார்?" என்று கேட்டார். முடிந்துபோன இன்னிங்ஸைச் சொன்னேனாம். அத்துடன் என்னை வெளியே அழைத்துப் போய்விட்டார். சந்தேகம் எழுந்தாலே வெளியேற்ற வேண்டும், அன்றைய தினம் திரும்ப இறக்கக் கூடாது என்ற விதியில் அவர் காட்டிய பிடிவாதத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். முதல் அதிர்ச்சி ஆறாத நிலையில் இன்னொரு அடி விழுந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அரிதாகவே அப்படி நடக்கிறது என்றாலும், நடப்பது பெரும்பாலும் இளம் வயதினருக்குத்தான்.

மருத்துவமனையில் எடுத்த சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. அதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் நிம்மதியானார்கள். மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: ஸ்கேன் காட்டுவது இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும்தான்; மூளை செல்கள் வேலை செய்யும் விதத்தில் ஏற்படும் கோளாறு அதில் தெரியாது. தலை எதிலும் மோத வேண்டும் என்றுகூட இல்லை. உடம்பில் விழும் அடி தலையை வெடுக்கென்று உலுக்கினாலும் போதும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கைகால் பலவீனம், எழுப்பினாலும் எழ முடியாத மயக்கம் இவற்றில் எது வந்தாலும் உடனே அழைத்து வர வேண்டும் என்று என்னுடன் வந்தவரிடம் எழுதிக் கொடுத்தார்.

இருட்டு அறையில் நாள்கணக்கில் படுத்திருக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அந்தப் பழைய வழக்கம் மாறிவிட்டது. முதல் 24 முதல் 48 மணி நேரம் வேலைகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும், திரை பார்ப்பதையும் குறைக்க வேண்டும். ஆனால் மெதுவாக நடக்கலாம். முழு ஓய்வு குணமாவதைத் தாமதப்படுத்தும் என்பதுதான் 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர் மாநாட்டின் நிலைப்பாடும்.

அறிகுறிகள் பிறகும் வரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அப்போது எனக்கு ஜேசன் பே நினைவுக்கு வந்தார். நியூயார்க் மெட்ஸ் அணியின் லெஃப்ட் ஃபீல்டர். 2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள டாட்ஜர் மைதானத்தின் சுவரில் மோதினார். அதன் பிறகும் ஆடினார். அறிகுறிகள் பின்னர்தான் தலைதூக்கின. அந்த ஆண்டு அவர் மறுபடி களமிறங்கவே இல்லை. எனக்கும் மறுநாள்தான் குமட்டல் தொடங்கியது. கைபேசியில் எழுத்துகள் மேலே நகர்ந்தால் வயிறு புரண்டது. படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வரும் பாதை ஆறு படிகள் கொண்டது. அன்றாட வேலைகள், லேசான நடை அல்லது சைக்கிள், தனியாகச் செய்யும் விளையாட்டுப் பயிற்சி, மோதல் ஆபத்து இல்லாத அணிப் பயிற்சி, மருத்துவர் அனுமதித்த பின் முழுப் பயிற்சி, கடைசியாக ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தொல்லை அதிகமானால் நிறுத்திவிட்டு மறுநாள் பார்க்க வேண்டும். முதல் இரண்டு படிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டேன்.

பயிற்சியாளர் எனக்காக உயரப் பந்து ஒன்றை அடித்தார். பின்பக்கம் திரும்பி ஓடினேன், தோளுக்கு மேலே பார்த்தேன். பந்து இரண்டாகத் தெரிந்தது, தரை சாய்ந்தது. நின்றுவிட்டேன். நேர்க்கோட்டில் ஓடும்போது இப்படி எதுவும் இல்லை. சைக்கிள் மிதிக்கும்போதும் இல்லை. அதுவரை எழுதிய எல்லாச் சோதனைத் தாள்களிலும் நான் தேறியிருந்தேன்.

மருத்துவர் என்னை உடல்சமநிலைச் சிகிச்சை அளிக்கும் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். தலை அசையும்போது பார்வை அசையாமல் இருக்க உட்காதும் கண்ணும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்றார் அவர். எனக்கு அந்தப் பேச்சு தடைபட்டிருந்தது. கட்டை விரலை நீட்டி அதிலேயே கண்ணை வைத்துக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டுவது முதல் பயிற்சி. பிறகு மேலும் கீழும். இரண்டு புள்ளிகளுக்கு இடையே கண்ணை மட்டும் மாற்றி மாற்றித் தாவவிடுவது அடுத்தது. பார்க்க மிக எளிது. தொடக்கத்தில் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை; வியர்த்துக் கொட்டியது. லேசாகத் தலைசுற்றல் வர வேண்டும், சற்று நேரத்தில் அடங்கவும் வேண்டும். அந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்பது அவர் கணக்கு.

அவரிடம் என் வேலை என்ன என்று விளக்கினேன். அடிபடும் சத்தத்தில் திரும்புவது, பந்தை விட்டுக் கண்ணை எடுத்து இறங்கும் இடத்துக்கு ஓடுவது, மறுபடி தலையைத் தூக்கிப் பந்தைத் தேடிப் பிடிப்பது. அதையெல்லாம் துண்டு துண்டாக்கிக் கொடுத்தார். உட்கார்ந்தபடி மேலே எறிந்த மென்பந்தைப் பார்ப்பது, நின்றபடி, நடந்தபடி, பின்னோக்கி நடந்தபடி, திரும்பி ஓடியபடி. சில வாரங்கள் பிடித்தன. கடைசியில் வெயிலுக்கு எதிரே பிடித்த பந்துதான் என் அனுமதிச் சீட்டு என்று நான் நினைக்கிறேன். அவுட்ஃபீல்டரைத் திரும்பச் சேர்க்கும் எந்த மருத்துவரும் பயிற்சியாளரும் இந்தச் சோதனையைச் செய்யாமல் அனுப்பக் கூடாது. ஒருவன் பந்தைத் தேடித் தடுமாறும் அந்த நொடியில் பக்கத்தில் ஓடி வருபவனும் ஆபத்தில் இருக்கிறான்.

மைதானத்துக்கு வெளியே இருந்த காலத்தில் பழைய விபத்துகளைப் படித்தேன். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் அவுட்ஃபீல்டர் பீட் ரைசர் 1942-இல் செயின்ட் லூயிஸில் சுவரில் மோதினார். 1947-இல் சொந்த மைதானத்தின் சுவரில் மோதினார். சுவர் நெருங்குவதைக் காலுக்கு உணர்த்தும் வார்னிங் டிராக்கும் சுவரில் பஞ்சணையும் இன்று நமக்கு இயல்பாகத் தெரிகின்றன. அவரைப் போன்றவர்கள் இரத்தம் சிந்திய பிறகே வந்தவை அவை. 2005 ஆகஸ்டில் சான் டியேகோவில் மெட்ஸ் அணியின் அவுட்ஃபீல்டர்களான மைக் கேமரனும் கார்லோஸ் பெல்ட்ரானும் ஒரே பந்துக்குப் பாய்ந்து முகத்தோடு முகம் மோதிக்கொண்டார்கள். வட அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் தொடரான மேஜர் லீக் 2011-இல்தான் மூளை அதிர்ச்சிக்குள்ளானவர்களை ஆட்டத்திலிருந்து விலக்கி வைக்க ஏழு நாள் பட்டியலை உருவாக்கியது. ரையன் ஃப்ரீலைப் பற்றிப் படித்த இரவு தூக்கமே வரவில்லை. 2007-இல் சக அவுட்ஃபீல்டருடன் மோதியவர். வாழ்நாளில் பல முறை தலையில் அடிபட்டவர். 2012-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். தொடர் அடிகளால் வரும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு அவருக்கு இருந்தது இறந்த பிறகு உறுதியானது.

தடுப்பதற்கு என்ன செய்யலாம்? தலைக்கவசம் மண்டை ஓடு உடைவதைத் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. எனக்கு நம்பிக்கை இருப்பது குரலிலும் சுவரை அறிந்துகொள்வதிலும்தான். எங்கள் அணியில் இப்போது சென்டர் ஃபீல்டர் கூப்பிட்டால் மற்ற இருவரும் விலக வேண்டும். முன்னே வரும் அவுட்ஃபீல்டருக்குப் பின்னே போகும் இன்ஃபீல்டர் (பேஸ்களுக்கு அருகே நிற்பவர்) வழிவிட வேண்டும். ஒரு முறை கத்துவது கணக்கில் சேராது. "எனக்கு, எனக்கு, எனக்கு" என்று மூன்று முறை, அதுவும் பந்து உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கும்போது. மற்றவர் "உனக்கே" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் யாரும் பாயக் கூடாது. இருவருமே பந்தை நோக்கிப் போக வேண்டியிருந்தால் ஒருவர் முன்னால், மற்றவர் பின்னால் சுற்றி. ஒலிபெருக்கியில் கூட்டத்தின் இரைச்சலை வைத்துக்கொண்டும் இதைப் பயிற்சி செய்கிறோம். அமைதியான மைதானத்தில் மட்டும் பழகிய குரல் ஆட்ட நாளில் எட்டுவதில்லை.

புது மைதானத்துக்குப் போனால் ஆட்டத்துக்கு முன் நாங்கள் மூவரும் சுவரோரமாக நடக்கிறோம். புல் முடிந்து வார்னிங் டிராக் தொடங்கும் இடத்திலிருந்து சுவர் வரை எத்தனை எட்டு என்று ஓடி எண்ணுகிறோம். பஞ்சணை இல்லாத மூலை எது, கம்பம் எங்கே, கதவின் தாழ்ப்பாள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கிறோம். பந்து தலைக்கு மேலே போனால் முதலில் சுவரைத் தேடிப் போய், கையுறை இல்லாத கையால் அதைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து பந்தை நோக்கி முன்னே வருவதுதான் எங்கள் பழக்கம். சில பந்துகள் பிடிபடாமல், அடித்தவர் இரண்டாவது பேஸ் வரை ஓடிவிடும் அடியாகிவிடுகின்றன. அதை ஏற்றுக்கொள்கிறோம் என்று பருவத்தின் தொடக்கத்திலேயே பந்து வீசுபவர்களிடம் சொல்லிவிட்டோம், அவர்களும் சம்மதித்திருக்கிறார்கள்.